காபி அமையல

பையைக் கீழ வைக்க முடியாது சார், சாஞ்சா போச்சு. மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிச்சா சொல்லுங்க, அந்தப் பக்கமா நகத்திக்கிறேன். உள்ள ஃபிளாஸ்க் இருக்கு. காபி. சிரிக்கிறீங்க பாருங்க. மாயவரத்துலேருந்து திருவாரூருக்குக் காபியைத் தூக்கிட்டுப் போறானே, திருவாரூர்ல காபியே கிடைக்காதான்னு தோணுதுல்ல? கிடைக்கும் சார், பேஷாக் கிடைக்கும். ஆனா இது நான் போட்டது. என் கையால போட்டது. அதுதான் விஷயம்.

பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். மங்கையர்க்கரசின்னு பேரு. மங்கைன்னு கூப்பிடுவேன். பொங்கல் முடிஞ்ச கையோட அண்ணன் வீட்டுக்குப் போனவ, மாசி பொறந்தாச்சு, இன்னும் வரல. சண்டைன்னு சொல்ல முடியாது சார். நான் அடிக்கல, வையல. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதை நினைச்சா இப்பவும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. சொல்றேன், பேரளமே இன்னும் வரல, நேரம் இருக்கு.

நான் நெல் கொள்முதல் நிலையத்துல இருந்தவன். தரம் பாக்கறது என் வேலை. மூட்டையில கையை விட்டு ஒரு பிடி அள்ளுவேன், ரெண்டு நெல்லை வாயில போட்டுக் கடிப்பேன், "ஈரம்"னு சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. கொண்டாந்த விவசாயி மூட்டையைத் திரும்பக் களத்துக்குத் தூக்கிட்டுப் போயிக் காய வைக்கணும். ஈரம் பாக்க மெஷின் உண்டு சார், ஆனா "சார் பல்லுக்கு முன்னாடி மெஷின் என்னத்துக்கு?"ன்னு ஆளுங்களே சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. எனக்கு மூக்கும் நாக்கும் அப்படி.

வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறமும் அந்த வழக்கம் போகல. என் காபிக்குன்னு ஒரு முறை இருக்கு. பொடி கடையில நின்னு கண்ணு முன்னாடி அரைச்சு வாங்கணும். சிக்கரி பேருக்குத்தான் இருக்கணும், கூடினா கொழகொழன்னு ஆயிரும். பித்தளை ஃபில்டர். தண்ணி தளதளன்னு கொதிக்கிறப்ப விட்டு மூடிரணும், அது தானா இறங்கணும், அவசரப்பட்டு மண்டையில தட்டக் கூடாது. முதல் டிகாஷன்தான் எனக்கு. பாலு அப்பக் காய்ச்சின பாலா இருக்கணும், ஆறின பாலைச் சுட வெச்சா ஒரு வாடை வரும், எனக்குத் தெரிஞ்சிரும். சர்க்கரை பாதி ஸ்பூன். டபராவுல ஒரு ஆத்து, போதும். நுரை எல்லாம் ஹோட்டல்காரன் அளவைக் கொறைக்கப் பண்ற வேலை. முதல் வாய் குடிப்பேன். ஒரு வார்த்தை சொல்லுவேன். "அமைஞ்சுது"ன்னுவேன். இல்லாட்டி "அமையல"ம்பேன்.

நல்லாக் கவனிங்க சார். "நீ ஒழுங்காப் போடல"ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. "அமையல"ன்னுதான் சொல்லுவேன். அதுல யார் மேல குத்தம் இருக்கு? பொடியா இருக்கலாம், பாலா இருக்கலாம், முனிசிபாலிட்டித் தண்ணியா இருக்கலாம். வரன் அமையலன்னு சொல்றோமே, பொண்ணைக் குத்தம் சொல்றோமா? அந்த மாதிரிதான். நான் காபியைச் சொன்னேன், அவளைச் சொல்லல. ஆனா அவ என்ன செய்வான்னா, டம்ளரை என் கையிலேருந்து வாங்கிட்டு உள்ள போயிருவா. கொஞ்ச நேரத்துல வேற காபி வரும். வேற போடுன்னு நான் கேட்டதே கிடையாது சார். அவளாப் போடுவா. வேண்டாம்னு நான் சொன்னதும் கிடையாது.

போன ஐப்பசியில அடைமழை பேஞ்சுதே, அப்ப ரெண்டு பேருக்கும் காய்ச்சல். சளின்னா அப்படி ஒரு சளி. எனக்கு முதல்ல விட்டுச்சு. அவளும் எழுந்து நடமாட ஆரம்பிச்சா, சரியாப் போச்சுன்னுதான் நான் நினைச்சேன். அதுக்கப்புறம்தான் சார் காபி கெட ஆரம்பிச்சுது.

ஒரு நாள் பாலு அடிப்பிடிச்ச வாடை. ஒரு நாள் பொடி காறிப் போச்சு, எண்ணெய்ச் சிக்கு மாதிரி ஒரு நாத்தம். ஒரு நாள் நல்லா இருக்கும், மறுநாள் வாயில வைக்க முடியாது. நானும் "அமையல, அமையல"ன்னு சொல்லிட்டே இருக்கேன். பொடிக்கடைக்காரன்கிட்டப் போயி சிக்கரியைக் கூட்டிட்டியான்னு சத்தம் போட்டேன். அவன் பெத்த பிள்ளை மேல சத்தியம் பண்றான். கடையை மாத்தினேன். பால்காரரை மாத்தினேன், பாவம், ஆறேழு வருஷமா ஊத்தினவரு, மாட்டுக்கு என்ன தீனி போடறீங்கன்னு கேட்டு விரட்டி விட்டேன். ஃபில்டரைக் கூட மாத்தினேன் சார். எல்லாத்தையும் மாத்தினேன். அவகிட்ட உடம்புக்கு எப்படி இருக்குன்னு மட்டும் கேக்கல. நடமாடறாளே, என்னத்தைக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்.

கார்த்திகைக்கு அவ அண்ணன் சீர் எடுத்துட்டு வந்தாரு. குஞ்சிதபாதம்னு பேரு, தங்கமான மனுஷன், என்னை மாப்ள மாப்ளன்னு தலையில வெச்சுக்குவாரு. வந்தவருக்கும் எனக்கும் காபி கொண்டு வந்தா. ஒரு வாய் வெச்சேன். பெருங்காயம் சார்! காபியில பெருங்காய வாசனை குப்புன்னு அடிக்குது. என்னன்னு பாத்தா, புதுசா அரைச்ச பொடியைப் பெருங்காய டப்பாவுல கொட்டி வெச்சிருக்கா. கழுவின டப்பாதான், ஆனா பெருங்காயம் கழுவினா போற வஸ்துவா? நான் சும்மா இருந்திருக்கலாம். "மச்சான், உங்க தங்கச்சி இன்னிக்குக் காபியைத் தாளிச்சுக் கொட்டியிருக்கா, ரெண்டு இட்லி இருந்தா தொட்டுக்கலாம்"னேன். அவரு சிரிச்சாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவளும்தான் சிரிச்சா சார். சத்தியமா சிரிச்சா, அப்படியே நின்னு சிரிச்சா. அதனாலதான் எனக்கு ஒண்ணும் தோணல.

பொங்கல் கழிஞ்சு மறுநாளோ, அதுக்கு மறுநாளோ. நான் முடி வெட்டிக்கப் போயிட்டு மத்தியானமாத் திரும்பறேன். வாசல் கேட்டைத் திறக்கறேன், கேஸ் நாத்தம். குப்புன்னு மூஞ்சியில அடிக்குது. பதறிட்டு உள்ள ஓடினா, இவ சமையக்கட்டுல அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிட்டு இருக்கா. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு, கேஸ் பாட்டுக்கு வந்துட்டே இருக்கு. குக்கரை வைக்கலாம்னு அப்பத்தான் எழுந்திரிக்கறா, லைட்டர் கையில இருக்கு சார். கையிலயே இருக்கு. நான் பாஞ்சு லைட்டரைப் பிடுங்கினேன், சிலிண்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன். அந்தப் பதட்டத்துல கத்தினேன், "உனக்கு மூக்கு இல்லையாடி?"

"இல்லைங்க"ன்னா.

அமைதியாச் சொன்னா. "இல்லைங்க. ஐப்பசிக் காய்ச்சல்லேருந்து எனக்கு வாசனையே தெரியல. டாக்டர்கிட்ட காட்டினேன். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னாரு."

இப்பச் சொல்லுங்க சார், ஒரு மனுஷன் அந்த நேரத்துல என்ன கேக்கணும்? பயந்து போயிட்டியான்னு கேக்கணும். "இத்தனை நாளா ஏன் தனியாக் கஷ்டப்பட்டே?"ன்னு கேக்கணும். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"அப்ப இத்தனை நாளா வாசனை தெரியாமயா எனக்குக் காபி போட்டே?"

அதுதான் கேட்டேன். என் வாயிலேருந்து அதுதான் வந்துச்சு. நான் அதை வேணும்னு கேக்கல சார். ஐப்பசியிலேருந்து மண்டையைக் குடைஞ்சிட்டு இருந்த விஷயம், சட்டுன்னு விடை கிடைச்சுதா, வாயில வந்துருச்சு. யாரா இருந்தாலும் வந்திருக்கும். வந்திருக்கும்ல?

அவ மிச்ச அவரைக்காயை நறுக்கினா. ராத்திரி சாப்பாடு போட்டா. காலையில நான் எழுந்திரிச்சு வர்றப்ப பெட்டியோட நிக்கறா. "அண்ணன் வீட்டுக்குப் போறேங்க. டிகாஷன் இறக்கி வெச்சிருக்கேன். பால் காய்ச்சி இருக்கு"ன்னா. "எப்ப வருவே?"ன்னேன். "நமக்கு அமையலன்னு வெச்சுக்கங்களேன்"னுட்டுப் போயிட்டா. என் வார்த்தை சார். நான் தினம் சொல்ற வார்த்தை. அவ வாயில வந்தப்பத்தான் அது எப்படி வலிக்கும்னு தெரிஞ்சுது. யார் மேலயும் குத்தம் இல்லாத வார்த்தைன்னு உங்ககிட்ட சொன்னேனே, அப்படி ஒண்ணும் இல்ல.

அவ போனப்புறம் என்ன பண்ணினேன்னு கேளுங்க. அதுதான் இதைவிட அசிங்கம். அந்த டிகாஷன்ல காபி கலந்து குடிச்சேன். அமைஞ்சுது சார். அவ்வளவு மாசத்துல அன்னிக்கு அமைஞ்ச மாதிரி அமைஞ்சதே இல்ல. "அமைஞ்சுது"ன்னு வாயைத் திறந்து சொல்லிட்டேன், சொல்லிட்டு சமையக்கட்டைப் பாக்கறேன், அங்க யாரு இருக்கா? பொண்டாட்டி பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கா, இவன் ஒரு டம்ளர் காபியை ரசிச்சுக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான். மனுஷனா இவன்னு நீங்க நினைக்கலாம். நானே நினைச்சேன்.

மக ஓசூர்ல இருக்கு. அங்க வந்துருங்கப்பான்னுச்சு. அது இன்ஸ்டன்ட் பொடியைப் பால்ல கலக்கிக் குடிக்கிற வீடு, அதைப் பத்தி இப்ப எதுக்கு. நான் போகல. நானே போட்டுக்கறேன்னு ஆரம்பிச்சேன். முதல் நாள் டிகாஷன் இறங்கவே இல்ல. பொடியை அழுத்தி அழுத்தி அடைச்சிருக்கேன். மண்டையில தட்டக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன், கரண்டியை வெச்சு டொக்கு டொக்குன்னு தட்டினேன். அடுத்த நாள் வெள்ளமா இறங்கிருச்சு, வெறும் தண்ணி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது, அதைத் தொடைக்கத் துணி எங்க இருக்குன்னு கூட எனக்குத் தெரியல.

தட்டற சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜரீனா வந்துச்சு. டெய்லரிங் கடை வெச்சிருக்கு, மங்கைக்கு ரொம்ப ஸ்நேகம். நின்னு பாத்துட்டு, "சார், ஒரு விஷயம் சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாது, உங்க காபியை இத்தனை நாளா நான்தான் முதல்ல குடிச்சேன்"னுச்சு. எனக்குப் புரியல. அப்புறம்தான் சொல்லுது. மங்கை தினம் காலையில கொல்லைப்பக்கம் போயி, சுவத்து மேல சின்ன டம்ளர்ல ஒரு வாய் காபியை நீட்டுவாளாம். "கொஞ்சம் பாரு ஜரீனா, சரியா இருக்கா? வாசனை வருதா?"ன்னு கேப்பாளாம். ஜரீனா சரின்னாத்தான் எனக்குக் கொண்டு வருவாளாம். ஜரீனா ஊருக்குப் போன நாள்ல, கையைப் பிசைஞ்சுக்கிட்டே கொண்டு வருவாளாம். அந்த நாள்லதான் பாலு அடிப்பிடிச்சது, பொடி காறினது எல்லாம். டாக்டர்கிட்ட துணைக்குப் போனதும் ஜரீனாதான். நான் எங்க இருந்தேன்? கூடத்துல. பேப்பர் படிச்சுட்டு.

இதைக் கேட்டதும் எனக்கு முதல்ல என்ன தோணிச்சுன்னு சொல்லட்டுமா? சொன்னா நீங்க எழுந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருவீங்க. "இந்தப் பொண்ணு வீட்ல டீதானே குடிக்கிறாங்க, இதுக்குக் காபியைப் பத்தி என்ன தெரியும்? அதான் அமையாமப் போயிருக்கு"ன்னு தோணிச்சு. அந்தப் புத்தியை எதால அடிக்கறது சார்? அடுத்த நிமிஷம்தான் மத்தது உறைச்சுது. கட்டின பொண்டாட்டி, நான் சொல்லப் போற ஒரு வார்த்தைக்குப் பயந்து, விடியக் காலையில அடுத்த வீட்டு சுவத்துகிட்ட டம்ளரை நீட்டிட்டு நின்னிருக்கா. மூட்டையைத் தூக்கிட்டு என் முன்னாடி வரிசையில நிப்பாங்களே, அந்த மாதிரி. அன்னிக்கு எனக்குக் காபி இறங்கல.

ஃபோன் பண்ணினேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மங்கை"ன்னேன். "சொன்னா என்னங்க சொல்லியிருப்பீங்க?"ன்னா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்னு சொல்ல வந்தேன். வாயில வரல. ஏன்னா நான் என்ன சொன்னேன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமே. அப்புறம் மச்சான் வாங்கிப் பேசினாரு. எப்பவும் மாப்ளன்னு கூப்பிடறவரு, "இருக்கட்டுங்க, கொஞ்ச நாள் இருக்கட்டும்"னாரு. மாப்ளங்கற வார்த்தை வரல. கார்த்திகைக்குச் சிரிச்சதை நினைச்சு அவருக்கும் உறுத்தியிருக்கும்.

முந்தாநாள்தான் ஃபோன்ல கொஞ்சம் இறங்கி வந்தா. "வந்து கூட்டிட்டுப் போங்க, ஆனா காபி நான் போட மாட்டேன்"னா. போட வேண்டாம், இனிமே என் காபி உன் காபி ரெண்டும் நான்தான்னேன். சும்மா சொல்லல சார். பழகிட்டேன். பொடியை அழுத்தாம லேசாத் தடவி விடணும், முதல்ல கொஞ்சமா வெந்நி விட்டு நனைச்சுட்டு அப்புறம் ரொப்பணும். இன்னிக்கு விடியக்காலம் எழுந்து போட்டது இது. குடிச்சுப் பாத்தேன், ஒண்ணாந்தரம். போனதும் அவ கையில டம்ளரைக் குடுத்து, எதிர்ல உட்கார்ந்து, அவ என்ன சொல்றான்னு பாக்கப் போறேன். அமையலன்னு சொன்னா திட்டு வாங்கிக்கறேன். இத்தனை வருஷம் நான் சொன்னதுக்கு அவ ஒரு தடவை சொல்லட்டும்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

ஆமாம். ஆமாம்ல. வாசனைதான் தெரியாதே அவளுக்கு. இதை எப்படி நான்... இல்ல சார், அது வந்து, நாக்கு இருக்குல்ல? டாக்டர் சொன்னாராம், ஜரீனா சொல்லிச்சு. வாசனைதான் போயிருக்கு, நாக்குக்கு உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு எல்லாம் தெரியுமாம். சூடு தெரியும். சர்க்கரை தெரியும். சர்க்கரை அளவு சரியா இருந்தா அவ...

நல்ல கேள்வி கேட்டீங்க. எவ்வளவு சர்க்கரை போட்டிருக்கேன்? பாதி ஸ்பூன். என் அளவு. அவ அளவு... இருங்க, சொல்றேன். அவளுக்கு... ஒண்ணா, ஒண்ணரையா? இனிப்புப் பிடிக்கும் அவளுக்கு, தீபாவளிக்கு ஜாங்கிரி... இல்ல, அது மகளுக்கு. என்ன சார் இது. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே வீட்ல இருக்கோம். அவ காபி குடிச்சு நான் பாத்ததில்ல சார். எனக்குக் கொண்டாந்து குடுத்துட்டு உள்ள போயிருவா. உள்ள நின்னுட்டே குடிப்பா போல. டம்ளர்லயா, டபராவுலயா, முதல் டிகாஷனா, நான் குடிச்ச மிச்சமா, ஒண்ணும் தெரியாது எனக்கு. ஊரான் நெல்லுக்கு ஈரம் சொன்னேன், இது தெரியல.

ஜரீனாவுக்குத் தெரிஞ்சிருக்கும். இருங்க, ஒரு ஃபோன் போட்டுக்கறேன். மன்னிக்கணும்.

ஹலோ, ஜரீனா? நான்தாம்மா... இல்ல, இன்னும் போய்ச் சேரல, பஸ்லதான் இருக்கேன், பூந்தோட்டம் தாண்டியாச்சு. ஒண்ணு கேக்கணும். அக்கா காபிக்குச் சர்க்கரை எவ்வளவு போட்டுக்கும்? சிரிக்காதம்மா, கேக்கறதுக்குப் பதில் சொல்லு... என்னது?... எப்பலேருந்து?... நீ பாத்தியா?... சரிம்மா. இல்ல, ஒண்ணும் இல்ல. வெச்சிர்றேன்.

வெந்நியாம் சார்.

காய்ச்சல் விட்டதுலேருந்து அவ காபியே குடிக்கிறதில்லையாம். கசப்பு ஒண்ணுதான் நாக்குக்குத் தெரியுது, கஷாயம் குடிக்கிற மாதிரி இருக்குன்னு விட்டுட்டாளாம். வெறும் வெந்நியைக் குடிச்சுட்டு வேலையைப் பாக்கப் போயிருவாளாம். நான் அமையலன்னு சொல்லி, ரெண்டாவதாப் போட்டுக் கொண்டு வந்தாளே, அந்த நாள்லயும் வெந்நிதான். நான் கூடத்துல உட்கார்ந்து பால்காரரையும் பொடிக்கடைக்காரனையும் வைஞ்சிட்டு இருந்திருக்கேன். சமையக்கட்டு என்ன, பத்து ஊரு தள்ளியா இருக்கு? தலையைத் திருப்பினா தெரியும் சார்.

பஸ் ஏறும்போது எல்லாம் தயாரா இருந்துச்சு. என்ன பேசறது, டம்ளரை எப்படி நீட்டறது, எல்லாம். இப்ப ஒண்ணும் இல்ல. நான் போட்டுக் கத்துக்கிட்டதை அவகிட்டக் காட்டி நல்ல பேரு வாங்கத்தான் கிளம்பியிருக்கேன், வேற என்ன? வெக்கமா இருக்கு.

திருவாரூர் வந்துருச்சு போல, எல்லாரும் எழுந்திரிக்கறாங்க. நீங்க முதல்ல இறங்குங்க. அண்ணன் வீடு பக்கம்தான், நடந்துருவேன். போயி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். "காலையில உனக்கு என்ன வேணும் மங்கை?"ன்னு. அதை நான் கேட்டதே இல்ல சார். இப்பக் கேட்டா, மனசுல இருக்கறதைச் சொல்லுவாளா? இல்ல, என் மூஞ்சியைப் பாத்துட்டு, "உங்களுக்கு எப்படியோ, எனக்கும் அப்படியே"ன்னுதான் சொல்லுவாளா?